செவந்தி ஆஸ்பத்திரிக்குப் போக ஐந்து வாரம் ஆனது

1. முதல் போன்

வேலைக்குச் சேர்ந்த அன்று நான் எடுத்த முதல் போனில் ஒரு அம்மா கேட்டார்: "ஏந்தாயி, செவந்தி நேத்து மத்தியானத்துலருந்து ஒண்ணுமே சாப்பிடலையே, ஒங்கள்ல ஒருத்தருக்காவது ஞாபகம் இருக்கா?"

செவந்தி எங்கள் வானொலி நாடகத்தின் கதாநாயகி. முந்தைய நாள் மாமியாரோடு சண்டை போட்டு, சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவள். அதன்பின் இரண்டு காட்சிகளில் வந்தாள். சாப்பிட்டாள் என்று யாரும் எழுதவில்லை. நான் நிலையப் பொறுப்பாளர் ராஜாமணி சாரிடம் ஓடினேன். அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு எபிசோடுல ரெண்டு இட்லி குடுத்துரு" என்றார். கொடுத்தோம். அதே அம்மா மறுநாளும் கூப்பிட்டார். "இப்பத்தான் மனசு ஆறுச்சு. வெறும் இட்லியவா திங்கச் சொன்னீக?"

சாத்தூர் பக்கத்துச் சமுதாய வானொலி எங்களுடையது. சின்ன டவர். சுற்றிச் சில கிராமங்கள் வரைக்கும்தான் கேட்கும். 'செவந்தி வீடு' திங்கள் முதல் வெள்ளி வரை மத்தியானம் கால் மணி நேரம். தீப்பெட்டி கம்பெனிகளில் லேபிள் ஒட்டும் ஷெட்டில் ஸ்பீக்கர் வைத்துக் கேட்பார்கள். பட்டாசு கம்பெனிக்குள் போன், ரேடியோ எதுவும் போகாது, கேட்டிலேயே வாங்கிவிடுவார்கள். அதனால் வேலை முடிந்து ஆட்கள் வேனில் வீடு திரும்பும் நேரத்தில் மறு ஒலிபரப்பு. வேன் டிரைவர் வேறு ஸ்டேஷன் மாற்றினால் பின்னாலிருந்து வசவு விழும் என்பார்கள்.

எனக்கு இருபத்தொன்பது வயது. அனுபவக் குறிப்பு எழுதுகிற வயதில்லை. ஆனால் இந்த வருஷம் மூன்று பேர் புதிதாகப் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சார் சொன்னார். "நல்லதா மட்டும் எழுதாத. அந்தக் கண்ணு விஷயத்தையும் எழுது." எனவே இது பெரும்பாலும் கண் விஷயம்தான்.

2. தப்பு திங்கள், சரி புதன்

நாடகம் தொடங்கியபோதே ஒரு வேலைமுறை வகுத்திருந்தார்கள். முதலில் ஊர் செய்கிற தப்பைச் செவந்தி வீட்டிலும் செய்ய வைக்க வேண்டும். அப்போதுதான் கேட்கிறவர், அட நம்ம வீடு, என்று உட்காருவார். அடுத்து அந்தத் தப்பால் என்ன ஆகிறது என்று காட்ட வேண்டும். பிறகு சரியானதை. தப்பு திங்கள், சரி புதன். இதை நிலையத்தில் வாய்ப்பாடு மாதிரி சொல்வோம்.

ஒன்பது வருஷமாக அது வேலை செய்தது. செவந்தி பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம் என்பார்கள். செவந்தி முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதியபோது, அவள் சொன்ன அதே வாக்கியத்தில் எழுதிய மனுக்கள் தாலுகா ஆபீசுக்குப் போயின. 'செவந்தியே போட்டுக்கிட்டா' என்பது எங்கள் பக்கத்தில் ஒரு அத்தாட்சி.

நான் சேர்ந்த மூன்றாம் வருஷம் அந்த மவுசு குறைந்திருந்தது. கையில் போன், போனில் எல்லாம். நேயர்கள் போனில் எங்களுக்கு அனுப்பும் குரல் பதிவுகளில் பாதி, 'பாட்டு போடுங்க' என்றே வந்தன. எனக்கோ கை பரபரத்தது. படித்துவிட்டு வந்தவள், நாடகத்தைத் தூக்கி நிறுத்திவிடலாம் என்று நம்பினேன். செவந்திக்குக் கண்ணில் அடிபடும் கதை அப்போதுதான் என் கைக்கு வந்தது.

கண் டாக்டர் ஒருவரிடம் குறிப்பு வாங்கியிருந்தோம். பட்டாசு மருந்துத் தூள் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும், கசக்கக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நாட்டு வைத்தியம் எதுவும் கூடாது. இதை மூன்று எபிசோடாகப் பிரித்தேன். திங்கள்: பட்டாசு கம்பெனியில் மருந்து சலிக்கும்போது செவந்தி கண்ணில் தூள் தெறிக்கிறது. செவ்வாய்: மாமியார் நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து கண்ணில் ஊற்றுகிறாள். புதன்: ஆஸ்பத்திரி. டாக்டர் திட்டுகிறார்.

3. இழுத்தது

திங்கள் ஒலிபரப்பு முடிந்ததும் குரல் பதிவுகள் வந்து குவிந்தன. செவ்வாய் இன்னும் அதிகம். "கண்ணு தெரியுமா தெரியாதா, அத மட்டும் சொல்லுங்க தாயி." "அந்த மாமியாக்காரிய என் முன்னால நிப்பாட்டுங்க." இருக்கன்குடி மாரியம்மனுக்குக் வெள்ளிக் கண்மலர் வாங்கிச் சாத்துவதாகச் செவந்திக்காக ஐந்தாறு பேர் நேர்ந்துகொண்டார்கள். செவந்தியாகப் பேசும் ஜோதியக்கா சாத்தூரில் தையல் கடை வைத்திருப்பவர். அவர் கடைக்கே போய் ஒரு கிழவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கண்ணையே உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று திரும்பினாராம்.

செவ்வாய் சாயங்காலம் நான் ராஜாமணி சாரிடம் சொன்னேன். "சார், புதன் எபிசோடத் தள்ளி வைப்போம். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா வெள்ளிக்கிழமை எல்லாரும் மறந்துருவாங்க."

"டாக்டர் குறிப்புல அன்னைக்கே போகணும்னு இருக்கே?"

"கடைசியில அதச் சொல்லத்தான சார் போறோம். இன்னும் நிறைய பேர் கேக்கும்போது சொல்லலாம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, ஒரு வாரம்" என்றார்.

ஒரு வாரம் ஐந்து வாரமானது. புருஷன் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போனான், வர நாளானது. மாமியார் பூசாரியைக் கூட்டி வந்தாள். நாத்தனார் கல்யாணப் பேச்சு வந்தது. ஒவ்வொரு வெள்ளியும், திங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள் என்கிற மாதிரி முடிப்பேன். திங்கள் ஏதாவது தடங்கல் வைப்பேன். இதற்கெல்லாம் நடுவில் தினமும் மாமியார் நந்தியாவட்டையை ஊற்றிக்கொண்டிருந்தாள். அது தப்பு என்று சொல்ல வேண்டிய டாக்டர் என் நோட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

கேட்பவர்களின் மனசு மாறுவதை நான் கவனிக்காமல் இல்லை. முதல் வாரம் அழுதார்கள். இரண்டாம் வாரம் மாமியாரைத் திட்டினார்கள். மூன்றாம் வாரம் புருஷனை. நான்காம் வாரம் என்னைத் திட்டத் தொடங்கினார்கள். "ஏலே, எழுதுறவன் யாருலே, ஒன் வீட்டுப் பிள்ளைன்னா இப்படி விடுவியா?" எழுதுவது ஆண் என்றே நினைத்திருந்தார்கள். அதையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

4. நான் ஒலிபரப்பிய குரல்

முதல் வாரக் கடைசியில் வந்த ஒரு பதிவைத் தனியாகச் சொல்ல வேண்டும். முத்துமாரி என்கிற நேயர். தீப்பெட்டி கம்பெனியில் வேலை. பேசியது இவ்வளவுதான்:

"எங்க வீட்டுக்காரகளுக்கும் செவந்தி மாதிரியே கம்பெனியில தூளு பட்டு ஒத்தக் கண்ணு செவந்து கெடக்கு தாயி. நாங்களும் நந்தியாவட்டதான் ஊத்துறோம். செவந்தி அடுத்து என்ன பண்றான்னு பாத்துட்டு அதே மாதிரி பண்ணிக்கிருவோம்னு இருக்கோம்."

பதிவில் அவர் நம்பரும் இருந்தது. நான் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை 'நேயர் நேரம்' நிகழ்ச்சியில் அந்தக் குரலை முதலாவதாகப் போட்டேன். நாடகத்தை மக்கள் எப்படித் தங்கள் வாழ்க்கையாகவே எடுத்துக்கொள்கிறார்கள் பாருங்கள் என்று மைக்கில் பெருமையாகப் பேசினேன். அந்த ஒலிப்பதிவு இப்போதும் நிலையத்தில் இருக்கிறது. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டுவது என் வேலைகளில் ஒன்று. ஒவ்வொரு முறையும் நானும் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது.

ஐந்தாம் வாரம் ஒரு வியாழன் காலை அதே நம்பரிலிருந்து பதிவு. "இன்னைக்காவது செவந்தி ஆஸ்பத்திரிக்குப் போவாளா தாயி? எங்க வீட்டுக்காரக அந்தக் கண்ணுல வெளிச்சமே தெரியலைங்காக."

5. எந்தப் புதன்

அந்த நம்பரைக் கூப்பிட்டு வீட்டை விசாரித்துக்கொண்டு ஸ்கூட்டியில் போனேன். முத்துமாரியின் கணவர் பரமசிவம் வீட்டில் தனியாக இருந்தார். வலது கண்மேல் ஈரத்துணி.

"நீங்கதான் ரேடியோவா?"

"ஆமாண்ணே. கெளம்புங்க, மதுரைக்குப் போவோம்."

"இன்னைக்கேவா? செவந்தியே இன்னும் போகலையே" என்றார். கிண்டல்தான். ஆனால் எழுந்திருக்கவில்லை. "வேலைக்குப் போகாம எத்தன நாள்தான் இருக்கது, கொஞ்சம் தேவலயானதும் கம்பெனிக்குப் போயிருவோம்னு நெனச்சேன். இவ தினம் ரேடியோவக் கேட்டுட்டு வந்து, செவந்தி இன்னைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகலங்கும்பா. நானும் சரி, இம்புட்டு நாள் தாங்கும் போலன்னு இருந்துட்டேன்."

அந்த வார்த்தையை நான் இன்றுவரை தாண்டி வரவில்லை. இவ்வளவு நாள் தாங்கும் என்று அவருக்குச் சொன்னது நான்.

ராஜாமணி சார் கார் பிடித்து வந்தார். வழியில் கம்பெனி வாசலில் முத்துமாரியை ஏற்றிக்கொண்டோம். கொஞ்ச தூரம் போனதும் முத்துமாரி கேட்டார்.

"செவந்தி என்னைக்குப் போறதா எழுதிருக்கீக?"

"முதல்ல எழுதுனது புதன்கிழமை, அக்கா."

"அப்ப வார புதனா?"

"இல்லக்கா. கண்ணுல பட்ட வாரத்துப் புதன்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, கண்ணில் என்ன ஊற்றினீர்கள். நந்தியாவட்டை என்றார் முத்துமாரி. எத்தனை நாளாக என்று கேட்டார். "செவந்தி மாமியா ஊத்துன அன்னைலருந்து." டாக்டருக்குப் புரியவில்லை. சார்தான் விளக்கினார். டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு எழுதத் தொடங்கினார்.

கருவிழி முழுக்கப் புண். புண்ணை ஆற்றிக் கண்ணை எடுக்காமல் விடலாம், பார்வை வராது என்றார்கள். முதல் இரண்டு நாளில் வந்திருந்தால் சொட்டு மருந்திலேயே தீர்ந்திருக்கும் என்றும் சொன்னார்கள். இன்னொரு கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

6. செவந்திக்கு என்ன சொல்வது

திரும்பி வந்ததும் சார், "நாந்தான சரின்னு சொன்னேன்" என்றார். அது உண்மை. கேட்டது நான் என்பதும் உண்மை. அதைப் பங்கு போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

இப்போது செவந்தியின் கண்ணை என்ன செய்வது? நேர்ந்துகொண்டவர்கள் காத்திருந்தார்கள். நல்லாக்கிவிடுங்கள் என்றுதான் எல்லாப் பதிவுகளும். நான் முத்துமாரியிடமே கேட்டேன். "எங்களுக்கு ஆனது ஆச்சு. அவளாச்சும் பாக்கட்டும் தாயி" என்றார். படுக்கையில் இருந்த பரமசிவம் ஒத்துக்கொள்ளவில்லை. "அஞ்சு வாரம் போட்டு வச்ச கண்ணு எப்படித் தெரியும்? பொய்யச் சொன்னா இன்னொருத்தன் அஞ்சு வாரம் போட்டு வைப்பான்."

பரமசிவம் சொன்னதையே எழுதினேன். அடுத்த திங்கள் நாடகத்துக்கு முன்னால் நானே பேசினேன். செவந்தியை முதல் வாரமே அனுப்பியிருக்க வேண்டும், நாங்கள்தான் இழுத்தோம், அது எங்கள் தப்பு. தூள் பட்டால் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே போங்கள், பூச்சாறு எதையும் ஊற்றாதீர்கள். முத்துமாரி வீட்டு விஷயத்தைச் சொல்லவில்லை. பிறகு செவந்திக்கு ஒரு கண் போனது.

கோபம் வரும் என்று நினைத்தேன். இரண்டு நாள் வந்தது. "நேர்ந்துக்கிட்டதுக்கு இதுதானா பலன்?" "கதைய நிறுத்திட்டு நடுவுல நீ யாரு பேசுறதுக்கு?" அதோடு சரி. அதற்கப்புறம் வந்தது கோபம்கூட இல்லை. பதிவுகள் குறைந்தன. ஒரு வேன் டிரைவர் சொன்னார்: "இப்பல்லாம் நான் ஸ்டேஷன மாத்துனா யாரும் ஒண்ணும் சொல்றதில்ல மேடம்."

பரமசிவம் மட்டும் கேட்கிறார். கண்ணுக்குப் பிறகு கம்பெனியில் அவரை மருந்து ஷெட்டிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். மாதம் ஒருமுறையாவது கூப்பிடுவார். "செவந்தி இன்னைக்கு டம்ளர்ல காப்பிய ஊத்துனா, ஒரு சொட்டு சிந்தல. ஒத்தக் கண்ணுக்கு டம்ளர் எங்கன இருக்குன்னே பிடிபடாது. நான் அஞ்சாறு மாசம் தரையிலதான் ஊத்துனேன். எழுதுறவுகளுக்குத் தெரியாட்டி கேக்கணும்ல." நான் எழுதிக்கொள்வேன். மன்னிப்பு மாதிரி எதையும் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

7. புதிதாக வருகிறவர்களுக்கு

இப்போது நிலையத்தில் இரண்டு விதிகள். உடம்பு சம்பந்தமான தப்பைக் காட்டினால் சரியானதை அதே எபிசோடில் சொல்லிவிட வேண்டும். சுவாரசியம் கெடும். கெடட்டும். இரண்டாவது, தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி ஒருவர் பதிவு அனுப்பினால், அதை ஒலிபரப்பலாமா என்று யோசிப்பதற்கு முன் அவரைக் கூப்பிட வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பேசிப் பேசித் தொண்டை கட்டும். அதற்குத்தான் சம்பளம்.

நம்மை நேசிக்கிறார்கள் என்றால் நம் பேச்சைக் கேட்டு நடக்கிறார்கள் என்று அர்த்தம். நான் படித்த காலத்தில் யாரும் எனக்கு இதை இப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அப்போது என் காதில் ஏறியிருக்காது.

போன மாதம் முத்துமாரியைத் தீப்பெட்டி கம்பெனி வாசலில் பார்த்தேன். நல்லபடியாகத்தான் பேசினார். நாடகம் கேட்கிறீர்களா என்று நான் கேட்டிருக்கக் கூடாது. பழக்கம், கேட்டுவிட்டேன்.

"இல்ல தாயி. அந்நேரத்துக்கு வேற ஸ்டேஷன் வச்சிக்கிறோம். வெறும் பாட்டுதான் வரும்" என்றார். பிறகு எனக்குக் கஷ்டமாக இருக்குமோ என்று நினைத்தாரோ என்னவோ, ஷெட்டுக்குள் போகும்போது திரும்பி நின்று சொன்னார். "பாட்டுன்னா காத்திருக்க வேண்டியதில்ல பாத்துக்கோங்க."