சுந்தரி தண்ணீர் குடித்த சாயங்காலம்

பர்மாவுக்குக் குதிரை கொண்டுபோனவன் நான். ரங்கூனை அறிந்தவர்கள் இப்போதே சிரித்துவிடலாம், காத்திருக்கிறேன். அந்த ஊரில் மட்டக்குதிரைகள் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. அப்படிப்பட்ட ஊருக்கு ஆம்பூரிலிருந்து இரண்டு குதிரைகளை ரயிலேற்றி, கப்பலேற்றிக் கொண்டுபோனேன். இத்தனைக்கும் நான் பூகோளம் கற்பிக்கிற வாத்தியார்.

பிரியமான சபையாரே, போன ஈஸ்டர் கழிந்து நடந்தது இது. கர்த்தர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லவே எழுதுகிறேன். ஆனால் அந்த நன்மைக்கு வருமுன் நிறையக் கோபத்தைத் தாண்டி வரவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூரில் எங்கள் கொல்லைக்கு அடுத்தாற்போல் ஒரு தோல் ஷாப் வந்தது. ஆவாரம்பட்டையில் தோலை ஊறப்போடும் தொட்டிகளின் கழிவு, வாய்க்காலில் ஓடி எங்கள் கிணற்றில் இறங்கியது. கிணற்று நீர் பால் விடாத தேநீரின் நிறத்துக்கு வந்தது. வாயில் வைத்தால் நாக்கு சுருங்கும். தாலுகா கச்சேரிக்கு மனு எழுதினேன். பதில் இல்லை. இன்னும் நல்ல இலக்கணத்தில் எழுதினேன். அதற்கும் இல்லை. ஷாப்காரர் ஒருநாள் வழிமறித்தார்.

"இன்னா வாத்யாரே, தண்ணிக்குக் கலர் ஜாஸ்தியாய்ட்சாமே? நம்ம தோலு சீமைக்குப் போவுது, தெரியுமில்ல?"

சீமையில் யாரோ ஒரு துரையின் பூட்ஸ் பளபளக்க வேண்டுமென்று ஆம்பூரில் நாங்கள் நாக்கு சுருங்கிக் கிடக்க வேண்டுமாம்.

குடிதண்ணீரை ரயிலடிக் கிணற்றிலிருந்து சுமந்தோம். கொல்லைக் கிணற்றை எங்கள் வண்டிக்குதிரை சுந்தரிக்கும் அதன் குட்டிக்கும் ஒதுக்கினேன். ஒரு ஜீவனும் குடிக்கத் தகாத நீர் என்று எந்தக் கையால் மனு எழுதினேனோ, அதே கையால் அதை இறைத்துக் குதிரைகளுக்கு ஊற்றினேன். இந்த அழகு அப்போது என் கண்ணில் படவில்லை.

கடைசியில் ரங்கூன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஊரை விட்டுப் போவதில் எனக்கு வருத்தமே இல்லை. குதிரைகளை விற்றுவிடலாம் என்றேன். என் மனைவி எஸ்தர் பாத்திரம் கட்டுவதை நிறுத்தினாள்.

"சுந்தரி வராத எடத்துக்கு நானும் வர்ல."

காரணத்தை அவள் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஒரே பிரசவத்தில் எஸ்தர் உயிருக்குப் போராடியபோது, கொட்டும் மழையில் வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி இழுத்தது சுந்தரிதான். மாதனூருக்கு அப்பால் கானாற்றில் வெள்ளம். மாட்டு வண்டிகள் கரையில் நின்றுவிட்டன. மார்பளவுத் தண்ணீரில் சுந்தரி இறங்கி எங்களை அக்கரை சேர்த்தது. பிள்ளை பிழைக்கவில்லை. எஸ்தர் பிழைத்தாள். மறுவருஷம் சுந்தரி குட்டி போட்டது. அதற்கு எஸ்தர் மல்லி என்று பேர் வைத்தாள். அந்தப் பேரை அவள் யாருக்கு வைத்திருந்தாள் என்று நான் கேட்டதில்லை.

ஆகவே குதிரைகளும் வந்தன. புறப்படும்போது எஸ்தர் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். மூட்டைக்குக் கயிறு இறுக்குகிற ஆண்பிள்ளைக்குக் காது ஏது?

சென்னைத் துறைமுகத்தில் வயிற்றுக்கடியில் தொட்டில்போல் கித்தான் கட்டி, பாரந்தூக்கியால் சுந்தரியை ஆகாயத்தில் தூக்கினார்கள். நான்கு கால்களும் தொங்க அது எஸ்தரையே பார்த்தது. "ராஜ மரியாதை" என்று வாக்களித்திருந்த கப்பல் ஏஜெண்டைத் தேடினேன். அவர் காபி சாப்பிடப் போயிருந்தார்.

மேல்தட்டில் இரண்டு மரக்கூண்டுகள். திரும்பக்கூட இடமில்லை. குதிரைகள் நின்றபடியே கடல் கடக்க வேண்டும். அதையாவது பொறுத்துக்கொண்டன. பொறுக்காதது தண்ணீரை. கப்பல் தண்ணீர் பளிங்குபோல் இருந்தது. சுந்தரி மூக்கை வைத்துப் பார்த்தது, சீறியது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. தாய் தொடாததை மல்லியும் தொடாது. மறுநாளும் அப்படியே. வெல்லம் கரைத்தோம். உப்புப் போட்டோம். உதட்டைப் பிரித்து ஊற்றினோம். எல்லாம் கப்பல் தட்டில் வழிந்தது. கண்கள் குழிந்தன. வயிறு ஒட்டியது. எஸ்தர் கூண்டின் பக்கத்திலேயே பாய் போட்டுக்கொண்டாள். அவளும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

நான் ஜெபித்தேன். அழகான ஜெபம். எடுப்பு, தொடுப்பு, முடிப்பு எல்லாம் இருந்தன. கச்சேரிக்கு எழுதிய மனு மாதிரியே இருந்தது, பலனும் அப்படியே.

கூடப் பயணம் செய்த ஊழியக்காரர் ஒருவர் என் தோளைத் தொட்டார். "பிரதர், ஆத்துமாவுக்காக ஜெபிக்கணும். மிருகத்துக்காக ஜெபிச்சா ஜெபம் வீணாப் போவும்."

ஜெபம் என்ன விளக்கெண்ணெயா, சிந்தாமல் அளந்து ஊற்ற? கானாற்றில் என் மனைவியைச் சுமந்தது இவருடைய பிரசங்கமா? கேட்கவில்லை. நான் எப்போதும் மனதுக்குள் மகா வீரன்.

வாணியம்பாடித் தோல் வியாபாரி கரீம் சாயபு ஒருவர்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பேஜார் ஆவாதீங்க வாத்யாரே. நானும் தொழுகைல உங்க குதுரைங்களுக்காகக் கேட்டுக்கிறேன். ரெண்டு பக்கமும் கேட்டா எந்தப் பக்கமாவது வரும்."

அன்று மத்தியானம் சுந்தரியின் முன்கால்கள் மடங்கின. கூண்டில் வயிற்றுக்கடியில் கட்டியிருந்த கித்தான் வார்தான் அதைத் தாங்கி நின்றது. கப்பல் துரை வந்து பார்த்தார். விழுந்தால் சுட்டுக் கடலில் தள்ளிவிடுவோம், காலை வரைக்கும் பார்க்கலாம் என்றார். கிழிந்த பாயைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். சொல்லிவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டே போனார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அவர் போன திசையில் வீசினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவர் மூலை திரும்பி மறைந்த பிறகுதான் வீசினேன். அப்படியும் குறி தவறியது. செருப்பு கூண்டுக் கம்பத்தில் பட்டுத் தெறித்து, சுந்தரியின் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. ஊரில் சபையார் விடைகொடுக்கும்போது கொடுத்த புதுச் செருப்பு.

எடுக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. அப்படியே உட்கார்ந்து வாய்விட்டுக் கத்தினேன். "ஆண்டவரே, எடுத்துக்கிட்டது போதாதா? ஒரு பிள்ளைய எடுத்தீர், வாய மூடிக்கிட்டிருந்தேன். அவ கைல மிச்சமா இருக்கறது இதுங்கதான். இதுவும் வேணுமா உமக்கு? இது நியாயமா?"

எடுப்பும் இல்லை, முடிப்பும் இல்லை. ஆமென்கூடச் சொல்லவில்லை. ஊழியக்காரர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்துபோனார்.

சாயங்காலம். வெயில் சாய்ந்திருந்தது. 'சர்ர்' என்று ஒரு சத்தம். திரும்பினேன். சுந்தரி வாளிக்குள் முகத்தைப் புதைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. வாளி வற்றி, அடியில் செருப்பு தெரிந்தது. அதையும் நக்கியது.

எஸ்தர் வாளியின் அடியில் விரல் தோய்த்து நாக்கில் வைத்தாள். முகம் சுருங்கியது. பிறகு, கப்பல் ஏறியதிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"இன்னாங்க, இது நம்ம கெணத்துத் தண்ணிங்க!"

ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆம்பூர்த் தோல் மத்தியானம் முழுதும் ஊறித் தண்ணீரைத் தேநீராக்கியிருந்தது. வருஷக்கணக்காக நான் ஊற்றிய அதே நிறம், அதே துவர்ப்பு. அந்தச் சீவன்களுக்குத் தண்ணீர் என்றால் அதுதான். பளிங்கு நீரை விஷமென்று நினைத்திருக்கின்றன.

மற்றச் செருப்பை மல்லியின் வாளியில் போட்டேன். கரீம் சாயபு தம் மாதிரித் தோல் கட்டை அவிழ்த்து, "போடுங்க வாத்யாரே, ரங்கூன்ல கேட்டா குதுரை எட்த்துக்கிச்சுன்னு சொல்லிக்கிறேன்" என்றார். காலையில் சுந்தரி நான்கு காலில் நின்றது. கப்பல் துரை வந்து பார்த்துவிட்டுப் போனார். அன்று சீட்டியடிக்கவில்லை.

ரங்கூன் துறையில் பள்ளிக்கூடத்துப் பெரியவர்கள் மாலையோடு காத்திருந்தார்கள். புது வாத்தியார் கோட்டும் தலைப்பாகையுமாய், வெறுங்காலோடு இறங்கினார். வாளியில் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இப்போது இரண்டும் நல்ல தண்ணீர் குடிக்கின்றன. கர்த்தருக்குத் தோத்திரம்.

அந்தக் கிணற்றைக் கெடுத்தது நியாயம் என்று நான் சொல்லவே மாட்டேன். மனு இன்னும் எழுதுகிறேன், ரங்கூனிலிருந்து. ஆனால் ஜெபத்தில் மனு எழுதுவதை விட்டுவிட்டேன். தூதன் வருவான் என்று வானத்தைப் பார்த்திருந்தேன். கர்த்தரோ என் கோபத்தை எடுத்து, என் செருப்பை எடுத்து, நான் திட்டித் தீர்த்த கிணற்றின் ருசியை எடுத்து, அதிலே ஒரு உதவி செய்தார். சகோதரரே, சகோதரிகளே, நீங்களும் அவரிடம் கேளுங்கள். மரியாதையாகக் கேட்க முடியாத நாளில் கோபமாகவாவது கேளுங்கள். வேறெங்கும் போகாமல் அவரிடமே கேளுங்கள். அவர் காதைப் பொத்திக்கொள்கிறவர் அல்ல.

இதை ரங்கூன் சபையில் சாட்சியாகச் சொன்னேன். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், வண்டியில் சுந்தரியின் கடிவாளத்தைப் பிடித்திருந்த எஸ்தரிடம், எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் சொன்னீங்க. கெளம்பறப்பவே, 'நம்ம கெணத்துத் தண்ணி ரெண்டு பீப்பா ஏத்திக்கலாங்க, இதுங்க வேற தண்ணி குடிக்காது'ன்னு சொன்னனே, அத மட்டும் உட்டுட்டீங்க."