ஊரு இடுப்ப நிமுத்துன புள்ள

அரும்பாவூர் சுவாதி அக்காவ பத்தி இன்னிக்கே எழுதிரணும்னு உக்காந்துட்டேன். டைப்பிங்ல தப்பு இருந்தா மன்னிச்சிருங்க, கண்ணு கலங்கிக்கிட்டே இருக்கு.

அக்கா டெய்லரு. ஜாக்கெட்ட சொன்ன நாள்ல தச்சு குடுக்குற ஒரே ஆளு எங்க ஊர்ல அவங்கதான். அவங்க பொண்ணு நந்தினி வயித்துல தல மேலயும் காலு கீழயுமா இருந்துச்சு. ஆபரேஷன் பண்ணி காலத்தான் மொதல்ல வெளிய எடுத்தாங்க. வூட்டுக்கு அனுப்பும்போதே டாக்டரம்மா சொன்னாங்க: "இப்படி பொறக்குற புள்ளைங்களுக்கு இடுப்பு மூட்டு கிண்ணத்துல சரியா உக்காராம இருக்கலாம்மா. ஆறாவது வாரம் கொண்டாங்க, ஒரு ஸ்கேன் பாத்துருவோம்." சீட்டுலயும் எழுதி குடுத்தாங்க.

எங்க பக்கம் காலால பொறந்த புள்ள மிதிச்சா இடுப்பு புடிப்பு வுட்டுரும்னு ஒரு நம்பிக்க. புள்ள பொறந்து முப்பதாம் நாள் சாமி கும்பிட்டு முடிச்சதுமே ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க குப்புற படுப்பாங்க, அக்கா பாப்பாவோட பாதத்த புடிச்சு முதுகுல மூணு தடவ ஒத்தி எடுப்பாங்க. அவ்ளோ பெருமை அக்காவுக்கு!

ஸ்கேன் அன்னிக்கு பையோட கெளம்பி நிக்கிறாங்க. நெல்லு மூட்ட தூக்குனதுல இடுப்பு புடிச்சிக்கிட்ட இளையபெருமாள் பெரியப்பா வளைஞ்சபடியே உள்ள வராரு.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"பாப்பாவுக்கு இடுப்பு ஸ்கேன் பெரியப்பா."

"நல்லா இருக்கே கூத்து! ஊரு இடுப்பையே நிமுத்துற புள்ளைக்கு இடுப்புல என்ன வந்துரும்? பச்ச புள்ளைய பஸ்சுல போட்டு அலக்கழிக்காத."

பாதம் பட்டு எந்திரிச்சவரு நிமுந்து நடந்தாரு. எல்லாரும் கைதட்டி சிரிச்சாங்க. அக்காவும் சிரிச்சுக்கிட்டே பைய எறக்கி வச்சுட்டாங்க. அப்புறம் போகவே இல்ல.

அஞ்சு நிமிஷ ஸ்கேனுங்க அது! வயித்துல பாக்குற மாதிரியேதான், இடுப்பு ஓரமா ஜெல்லு தடவி பாக்குறது. அப்பவே தெரிஞ்சிருந்தா தவள மாதிரி கால விரிச்சு வைக்கிற பெல்ட்டு ஒண்ணு, கொஞ்ச மாசம். பெரும்பாலும் அதுலயே சரியாயிருமாம்.

ஒன்றரை வயசுல நடக்கும்போதுதான் ஒரு பக்கமா சாஞ்சுச்சு. திருச்சியில ரெண்டு ஆபரேஷன். நெஞ்சுலேந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. மிஷினுக்கு பக்கத்துலயே படுக்க வச்சுக்கிட்டு அக்கா தச்சாங்க. போன வாரம் டாக்டரு கடைசியா சொல்லிட்டாரு: "எலும்புக்கு ரத்தம் போகல. இனிமே நேரா நடக்க வைக்க முடியாதும்மா. பெரிய பொண்ணானப்புறம் செயற்க மூட்டுதான்."

நேத்து ஜாக்கெட் வாங்க போயிருந்தேன். பக்கத்து வூட்டு தனம் அத்த இடுப்ப புடிச்சிக்கிட்டு வந்தாங்க.

"நந்தி தங்கம், அத்தைக்கு ஒரு மிதி மிதிச்சு வுடு."

அஞ்சு வயசு புள்ள சந்தோஷமா சாஞ்சு சாஞ்சு ஓடியாந்துச்சு.

"எந்த காலால? நல்ல காலா, கெட்ட காலா?"

மிஷின் சத்தம் நின்னுருச்சு.

"எதாலயும் வேணாம். உள்ள போ"ன்னாங்க அக்கா.

நல்ல கால தூக்கிக்கிட்டு ரெடியா நின்ன நந்தினி, இன்னொரு காலு தாங்காம சாஞ்சு, செவுத்த புடிச்சுக்கிச்சு.