வெர்னா கங்காஸின் அவசர விரல்

வெர்னா கங்காஸ் அமெரிக்காவின் டுலூத் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால், மாலையில் மறுபடி ஏற்றப் போகும்வரை பகல் அவளுடையது. அந்த நேரத்தில் பாலம் கட்டுவாள். கணினி விளையாட்டுக்குள் கட்டும் பாலம். அதை வெறும் விளையாட்டு என்று அவளிடம் சொல்லிப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை சொன்னதில்லை.

அந்த விளையாட்டில் எதிரியும் இல்லை, வெற்றியும் இல்லை. ஓர் ஏரி, இரும்புத் தகடு, மோட்டார், கம்பி. எதை வேண்டுமானாலும் கட்டலாம். எங்களுக்கான சர்வரை லைல் பெர்த்தியோம் தன் கடையின் பின்னறையில் ஓட்டுகிறான். குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது அவன் தொழில். நான் கேக்குக்கு அலங்காரம் செய்பவள். வெர்னாவின் பாலத்துக்கு வண்ணம் அடிப்பது என் பங்கு.

அது தூக்குப் பாலம். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சாலை அப்படியே மேலே எழும்பும், எடைக்கல் கீழே இறங்கும். வெர்னா ஏமாற்று வேலை செய்யமாட்டாள். எடை நிஜமாகவே சமமாக வேண்டும். ஒரு கம்பி இழுவை கூடினாலும் சாலை கோணலாகிச் சிக்கிக்கொள்ளும். சேமித்த கோப்பிலிருந்து பாலத்தைத் திரும்ப எடுத்தால் இரும்பெல்லாம் வரும். கம்பிகளின் இறுக்கம் வராது. அதை ஒவ்வொன்றாக முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

மே மாதம் ஊர் ஏரியில் பனிக்கட்டி விலகியதும், குளிர்காலம் முழுக்க விளையாட்டுக்குள் கட்டிய படகுகளை எங்கள் ஆட்கள் அந்தப் பாலத்துக்கு அடியில் ஊர்வலமாக ஓட்டுவார்கள். படகு ஹாரன் அடித்தால் பாலம் எழுந்து பதில் கொடுக்கவேண்டும். பாலம் எழாவிட்டால் ஊர்வலமே கிடையாது.

இந்த வருடம் ஊர்வலத்துக்குச் சில வாரங்கள் இருந்தபோது வெர்னா பாலத்தைக் கோப்பிலிருந்து இறக்கி, கம்பிகளைச் சரிசெய்து முடித்து, ஒரு விளக்கை வைத்தாள். கோணலாக விழுந்தது. கடைசியாக வைத்ததை நீக்கும் அண்டூ பொத்தானைத் தட்டினாள். அவள் விரலுக்கு ஒரு தட்டு போதாது. எதையும் இரண்டு முறை தட்டும். முதல் தட்டில் விளக்கு போயிற்று. விளக்குக்கு முன்னால் வைத்த பொருள் எது? கோப்பிலிருந்து கொண்டுவந்த பாலம். எத்தனை ஆயிரம் துண்டு இருந்தாலும் விளையாட்டின் கணக்கில் அது ஒரே பொருள். இரண்டாம் தட்டுக்குப் பிறகு வெறும் தண்ணீர்தான் இருந்தது.

இதற்காகவே எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பெரிய கட்டுமானத்தை இறக்கியதும் பக்கத்தில் ஒரு தகரப் பீப்பாயை வைத்துவிடுவோம். கைதவறினால் பீப்பாய் போகும், கட்டுமானம் தப்பிக்கும்.

"பீப்பாய் வைக்கலையா?" என்று ஹெட்செட்டில் கேட்டேன்.

"வச்சேன். பாக்க அசிங்கமா இருந்துது. எடுத்துட்டேன்."

லைல் குறுக்கிட்டான். "பூட்டுப் போடுறேன், இரு. உன்னைத் தவிர யாரும் தொட முடியாது."

"அழிச்சதே நான்தானே, லைல்?"

"சரி, அழிக்கட்டுமான்னு கேக்குற மாதிரி ஒரு பெட்டி போடுறேன்."

"படிக்காமலே ஆமான்னு தட்டிடுவேன். நீ தட்டமாட்டியா?"

அவனும் தட்டுவான்.

"பஸ்ல பின்கதவு இருக்குல்ல, ஆபத்துக்குத் திறக்குறது?" என்றாள் வெர்னா. "பிடியை இடிச்சாத் திறக்காது. புடிச்சு முழுசாத் திருப்பணும். திருப்ப ஆரம்பிச்சதுமே என் காதுகிட்ட ஒரு மணி கத்தும். அந்த மாதிரி செஞ்சு குடு."

லைல் செய்து கொடுத்தான். பெரிய கட்டுமானம் இனித் தட்டினால் போகாது. பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பிடித்திருக்கும்போது கட்டுமானம் ஒரு முனையிலிருந்து மெல்லச் சிவந்துகொண்டே வரும். மறுமுனையும் சிவந்தால்தான் அழியும். நடுவில் விட்டால் பழையபடி ஆகிவிடும். வெர்னா மதிய நேரங்களில் மறுபடி ஒவ்வொரு கம்பியாக இறுக்கினாள்.

ஊர்வல நாள். பாலம் நூல் பிடித்தாற்போல் எழுந்தது. முதல் படகு அடியில் நுழைந்தபோது வடக்குக் கோபுரம் சிவக்கத் தொடங்கியது.

"வெர்னா! கையை எடு!" லைலின் கத்தல் ஹெட்செட்டில் காதைக் கிழித்தது.

"என் கை மடியிலதான்யா இருக்கு!"

"அப்ப யார் அழுத்துறது? பாதி வந்துருச்சு!"

"நான் எதையும்... ஐயோ, புல்லா ரொட்டி!"

திரையை நன்றாகப் பார்க்க முன்னால் நகர்ந்தவள், புல்லா என்னும் ஏலக்காய் ரொட்டி இருந்த தட்டைக் கீபோர்டின் ஓரத்தில், அந்தப் பொத்தான்மேலேயே வைத்திருக்கிறாள். தட்டைத் தூக்கினாள். தெற்குக் கோபுரத்தை நெருங்கிவிட்ட சிவப்பு, வந்த வழியே வடிந்தது. சாலை மேலேயே ஆடாமல் நின்றது.

படகுக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது. வரிசையிலிருந்த அத்தனை படகுகளும் ஹாரன் அடித்தன.

"பிரமாதம் வெர்னா! இந்த வருஷம் வண்ணமெல்லாம் மாறுதே!" என்றார் ஒருவர். "என் படகு போகும்போதும் ஒரு தடவை காட்டும்மா!"

"காட்டாதே," என்றான் லைல். "தாயே, கும்பிடுறேன், காட்டாதே."

"கேக்குறாங்கல்ல, பாவம்," என்றாள் வெர்னா.

அவருடைய படகு அடியில் வந்ததும், அவள் விரல் பொத்தானை அழுத்தியது. நடுச்சாலைவரை சிவக்கவிட்டு, விரலை எடுத்தாள். பின்னால் இருந்த படகு, தனக்கும் வேண்டும் என்று ஹாரன் அடித்தது.