சார்ந்திருப்போர் எத்தனை பேர்?

வருமான வரி போட நாங்கள் குடும்பமாகப் போவோம். கோவிலுக்குப் போவது மாதிரி.

சிரிக்காதீர்கள். நாங்கள் குடியிருக்கும் நார்த்மீட்டில் தெரிந்த பல வீடுகளில் இதுதான் வழக்கம். ஆகஸ்ட் மாதம், இரண்டாவது சனிக்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்ததும் ஒரு டப்பாவில் ரிப்பன் பக்கோடா, ஒரு பையில் ரசீதுகள். நேராக வென்ட்வொர்த்வில்லில் சுகந்தியின் வீடு. கார் நிறுத்த வேண்டிய கராஜைச் சுவர் பூசி, கம்பளம் விரித்து, அலுவலகமாக மாற்றி வைத்திருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், வரி ஏஜென்ட். எங்கள் வீட்டு வரவு செலவு என் கணவரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

இந்த வருடம் என் கணவர் சேகருக்கு முதுகுவலி. நான் மட்டும் போனேன்.

பூமியின் இந்தப் பக்கத்தில் ஆகஸ்ட் குளிர்காலம்; அதன் கடைசி வெயிலுக்கு ஒரு குணம் உண்டு. சுடாது, ஆனால் தூக்கம் வரவழைக்கும். வழியெல்லாம் வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன. யாரோ தெருவோரம் முழுக்க மஞ்சள் தூளைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி. சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் மனசு எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தது. அந்த நாளில் எனக்கு எப்போதும் அப்படித்தான். ஒரு வருடத்தை மூட்டை கட்டி ஒருவரிடம் ஒப்படைக்கப் போகிறோம் என்ற லேசான மிதப்பு...

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும் — தேதிகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். நம் தமிழ்ச் சங்கத்தில் எந்தப் பொங்கல் எந்த மண்டபத்தில் நடந்தது, எந்த வருடம் மழை வந்து கெடுத்தது என்று சண்டை வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மகனுக்கு முதல் பல் விழுந்த நாள், முதல்முறை தனியாக ரயிலேறி சிட்டிக்குப் போன நாள், எல்லாம் என்னிடம் கிழமையோடு இருக்கும்.

அந்த மகன் கவின் இப்போது மெல்பர்னில் மாஸ்டர்ஸ் படிக்கிறான். பொயிண்ட் குக்கில் வாடகை வீடு. வார இறுதியில் சின்ன வேலை. ஊர் மாறிப் போனாலும் அவன் வரிக் கணக்கையும் நான்தான் சுகந்தியிடம் கொண்டு போகிறேன். கேள்விகளுக்கு அவன் சார்பில் நானே பதில் சொல்வேன். கடைசியில் அவன் போனில் ஒரு "ஓகே ஆன்ட்டி" சொல்வான். அவ்வளவுதான் அவன் பங்கு.

இதில் தப்பு என்ன என்று கேட்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"டிபென்டன்ட் எத்தினை அக்கா?" என்று சுகந்தி ஆரம்பித்தார்.

"ஒண்ணு."

யோசிக்காமல் நான் சொல்லும் எண் அது ஒன்றுதான். வருடா வருடம் அதே கேள்வி, அதே பதில்.

"தம்பிக்கு இப்ப என்ன வயசு?"

"இருபத்து மூணு."

"முழுநேரப் படிப்புத்தானே? அப்ப இந்த முறையும் வருவார். இருபத்தஞ்சு ஆகுமட்டும், படிக்கிற பிள்ளையை அவையள் பிள்ளையாத்தான் பாப்பினம்."

அந்த வாக்கியம் எனக்குப் பிடித்துப் போயிற்று. ஓர் அரசாங்கம் இவ்வளவு தாய்மையோடு இருக்க முடியுமா? இருபத்தைந்து வரைக்கும் பிள்ளை. அதற்குப் பிறகு? அந்தப் பிறந்த நாள் காலையில் அவன் எங்கள் மடியிலிருந்து இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, நாட்டின் பிரஜையாக நடந்து போய்விடுவானா? ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. நான் அந்தக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா... அக்கா. இது தம்பியின்ர கணக்கு. ஸ்பௌஸ் இருக்கோ, இல்லையோ?"

"இல்ல, இல்ல."

சுகந்தியின் கை கீபோர்டின் மேல் நின்றது. "அதை அவரிட்டத்தான் கேக்க வேணும்."

"கேக்க என்ன இருக்கு சுகந்தி? கல்யாணமே ஆகல."

"கலியாண எழுத்து நடக்காட்டியும்தான். சோடியா ஒரு வீட்டில குடும்பம் மாதிரி இருந்தா, டாக்ஸுக்கு அது ஸ்பௌஸ். உங்கட குடும்ப இன்சூரன்ஸிலயும் அவர் நிக்கிறார் எல்லோ? சோடி இருந்தா அதுக்குள்ள நிக்க ஏலாது. அது மாறினா உங்கட கணக்கும் மாறும்."

"அவன் ரூம்ல காய்ஞ்ச துணியை மடிக்கவே ஆள் இல்ல. இவனுக்கு சோடியா?"

சுகந்தி சிரித்தார். சிரித்துக்கொண்டே போனை என் பக்கம் தள்ளினார். கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"கவின், சுகந்தி ஆன்ட்டி ஒரு கேள்வி கேக்கணுமாம். உனக்கு ஸ்பௌஸ், டி ஃபாக்டோ, அந்த மாதிரி யாரும் இல்லதானே? இல்லைன்னு சொல்லு, போட்டுடுவாங்க."

பின்னால் குக்கர் விசில் அடிப்பது மட்டும் கேட்டது.

"அம்மா, ஸ்பீக்கர்லயா இருக்கேன்?"

"ஆமா."

"ஹாய் ஆன்ட்டி."

"ஹாய் தம்பி," என்றார் சுகந்தி, குரலில் ஒன்றையும் காட்டாமல்.

"அம்மா, நீ கார்ல போய் உக்காந்துட்டு என்னைக் கூப்பிடறியா? ப்ளீஸ்."

சுகந்தி எழுந்துவிட்டார். "நான் தேத்தண்ணி போடுறன். நீங்கள் ஆறுதலாக் கதைச்சிட்டு வாங்கோ அக்கா. நான் ஒண்டும் கேக்கேல்ல."

கார் வெயிலில் நின்றிருந்ததால் உள்ளே கதகதப்பாக இருந்தது. கண்ணாடி வழியே பக்கத்து வீட்டு வாட்டில் மரம். அவன் குரல் வந்தது.

"ஆரணி ஹவுஸ்மேட் இல்லம்மா."

ஆரணியை எனக்குத் தெரியும். ஈஸ்டருக்கு நாங்கள் போயிருந்தபோது பார்த்தோம். அதே வீட்டில் இருக்கும் பெண், பிசியோதெரபி கடைசி வருடம், பெற்றோர் மெல்பர்னின் மறுகோடியில், கிரான்பர்னில். பயிற்சிக்கு மேற்குப் பக்கத்து ஆஸ்பத்திரி என்பதால் அங்கே தங்கியிருப்பதாகச் சொன்னார்கள். எங்களுக்குப் புட்டு அவித்துக் கொடுத்தாள். வெந்தயம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று கவினுக்கே தெரியவில்லை, அவள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். பிறந்ததிலிருந்து பாகற்காயைத் தொடாத என் பிள்ளை அன்றைக்கு இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அதைக்கூட நான் தேதியோடு சொல்ல முடியும். என்ன அர்த்தம் என்று மட்டும் யோசிக்கவில்லை.

"எனக்கு ஏண்டா சொல்லல?"

"நீ கேக்கலம்மா. நீ எப்பவுமே பதில்தான் சொல்லுவ."



"சரி. இருக்குன்னு போட்டுடறேன்," என்றேன்.

"அங்கதான் ப்ராப்ளம். அவ வீட்டுக்குத் தெரியாது. அவ ரெண்டு கேர்ள்ஸோட ஷேர் பண்றான்னு அவ அப்பா நினைச்சிட்டிருக்கார். ஜூலை முதல் வாரமே அவ ரிட்டர்னையும் சேர்த்து அவரே போட்டுட்டார். சிங்கிள்னு. அவர் கணக்குல டிபென்டன்ட்னு. இப்ப நீ என் கணக்குல அவ பேரைப் போட்டா..."

போட்டால், ஒரே வீட்டில் ஒரு ஸ்பௌஸும் ஒரு சிங்கிளும் இருப்பார்கள். அரசாங்கம் கேட்கும் முன்னால் அவள் அப்பா கேட்பார். ஏதோ ஒரு கடிதம் கிரான்பர்ன் வீட்டுத் தபால் பெட்டியில் விழுந்து, மகள் வாயால் கேட்க வேண்டியதை ஒரு மனிதர் காகிதத்தில் படிக்க நேரும்.

"அப்ப பொய் சொல்லச் சொல்றியா?"

"இல்லம்மா. டைம் கேக்கறேன். அவ சொல்லிடுவா. அவளா சொல்லணும்."

திரும்பிப் போனேன். தேநீர் ஆறியிருந்தது. சுகந்தி என் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடி சொன்னார்.

"தெரிஞ்சுகொண்டு பிழையாப் போட ஏலாது அக்கா. ஆனா இண்டைக்கே போட வேணும் எண்டும் இல்லை. ஏஜென்ட் மூலம் போடுற ஆக்களுக்கு அடுத்த வருஷம் மே வரைக்கும் விடுவினம். நான் மூடாம வைக்கிறன்."

இரண்டாவது சனிக்கிழமை மதியத்துக்குள் கணக்கை முடித்துவிட்டு வந்து, ஒரு பெரிய வேலை முடிந்தது என்று தூங்குவது என் வழக்கம். முதல்முறையாக முடிக்காமல் வீட்டுக்கு வந்தேன்.

சேகர் சோபாவில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். எல்லாம் சொன்னேன்.

"புட்டு அவிச்சுக் குடுத்துச்சே, அந்தப் பொண்ணா?"

"ஆமா."

"நல்ல புட்டு," என்றார். பிறகு, "சிங்கிள்னு போட்டுட்டு வர வேண்டியதுதானே. டாக்ஸ் ஆபீஸ்காரன் என்ன பொயிண்ட் குக் வந்து எட்டியா பார்க்கப் போறான்?"

"கையெழுத்துப் போடறது உண்மைன்னு சொல்லித்தாங்க."

"அப்ப இருக்குன்னு போடு."

"அந்தப் பொண்ணு அவங்க அப்பாகிட்ட இன்னும் சொல்லலயே."

"அப்ப என்னதான் பண்றது?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது. காத்திருக்கணும்."

சேகர் என்னை வியப்பாகப் பார்த்தார். முப்பது வருடத்தில் என்னிடமிருந்து அவர் கேட்டிராத வாக்கியம் அது.

செப்டம்பர் வந்தது. எங்கள் வேலியில் மல்லிகைக் கொடி ஒரேயடியாகப் பூத்துத் தள்ளியது. அந்த வாசனை வந்தாலே எனக்குப் பாதி விழிப்பு, பாதி கனவுதான். துணி காயப்போடும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எந்த நாளில் அவன் என்னைச் சார்ந்திருப்பதை விட்டான்?

சட்டத்தில் அதற்கு வயது இருக்கிறது, படிப்பு இருக்கிறது, பராமரிப்பு என்று ஒரு வார்த்தை இருக்கிறது. என்னிடம் தேதிகள் இருக்கின்றன. ஆனால் இதற்கு ஒரு தேதி அகப்படவில்லை. தன் சட்டையைத் தானே துவைத்த நாளா? காய்ச்சல் வந்ததை, போன பிறகு சொன்ன நாளா? பாகற்காய்க்குத் தட்டை நீட்டிய நாளா? ஒரு குழந்தை தூங்கிப்போகும் நொடியைப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் பார்க்க முடியாது இல்லையா... கண் திறந்திருக்கும், அப்புறம் மூடியிருக்கும். அது மாதிரி.

கவினிடம் ஒரு தடவைகூட "சொல்லிட்டாளா?" என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அந்த வாரங்களில் தெரிந்தது. ஞாயிறு தோறும் போன் பேசுவோம். வானிலை பேசுவோம். மெல்பர்னின் வானிலை நல்லவேளையாக ஒரே நாளில் நாலு தடவை மாறும், பேச விஷயம் இருக்கும். பின்னணியில் ஆரணி பாத்திரம் கழுவுவது கேட்கும். வைக்கும் முன் "ஆரணியைக் கேட்டேன்னு சொல்லு" என்பேன். அவ்வளவுதான்.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரம். தெரியாத ஒரு நம்பர்.

"வணக்கம். கவின்ர அம்மாவோ?"

"ஆமாங்க."

"நான் ஆரணியின்ர அப்பா. கிரான்பர்னில இருந்து கதைக்கிறன்."

எழுந்து நின்றுவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

"பிள்ளை நேற்றுச் சொன்னவ."

எழுநூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது அவர் வீடு. மூச்சு விடுவது மட்டும் பக்கத்தில் கேட்டது. அவர் தாய்மொழியும் என் தாய்மொழியும் ஒன்றுதான். ஆனாலும் இந்த இடத்தில் எந்த வார்த்தையை எடுத்து வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவர்தான் முதலில் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"நீங்கள் டாக்ஸ் போட்டிட்டீங்களோ?"

"இல்லீங்க. நிறுத்தி வெச்சிருக்கேன்."

"எங்களுக்காகவோ?"

"ஆரணிக்காக."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் அவசரப்பட்டுப் போட்டிட்டன். என்ரயும் பிள்ளையின்ரயும். இனித் திருத்த வேணும். ஒரு இடத்தில திகதி கேக்குது. எப்பயில இருந்து சோடி எண்டு. ரெண்டு பேரும் ஒரே திகதி போட வேணும் எல்லோ? மாறிப் போட்டா வில்லங்கம்."

தேதி. என்னிடம், தேதி.

"பசங்களையும் கூப்பிடுவோமா?" என்றேன். அழைப்பில் இருவரையும் சேர்த்தேன். விஷயத்தைச் சொன்னேன். கவின் திணறினான்.

"அப்படி ஒரு நாள் எல்லாம் இல்லம்மா. இட் ஜஸ்ட்... ஹேப்பன்ட்."

"ஃபோர்ம்ல அப்பிடி எழுத ஏலாது தம்பி," என்றார் அவர். கவினை அவர் தம்பி என்று அழைத்ததைக் கவனித்தது நான் மட்டும் இல்லை, அந்தப் பக்கம் ஆரணியும் மூக்கை உறிஞ்சினாள்.

"அப்பா, மார்ச்ல... நான் ரைஸ் குக்கர் கொண்டு வந்த டே. அதுக்குப் பிறகுதான் எல்லாம் ஷேரிங். அதைப் போடலாமா?"

"எந்த ரைஸ் குக்கர்?"

அவரே தொடர்ந்தார்.

"எங்கட குசினியில இருந்து காணாமப் போனதோ?"

"ஓம் அப்பா."

"அம்மா அதை ரெண்டு கிழமை தேடினவ பிள்ளை," என்றார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. ஆனால் நிச்சயமாக அது கோபம் இல்லை. "சரி. அண்டைக்கு என்ன கிழமை?"

"சனிக்கிழமை," என்றான் கவின்.

"மார்ச்சில எத்தினையாவது சனி?" என்று அவர் கேட்டார்.

"மூணாவது," என்றாள் ஆரணி.

அவர் எழுதிக்கொள்வது கேட்டது. நானும் எழுதிக்கொண்டேன்.

ஆக, இரு வீட்டாரும் பேசி நாள் குறித்தாயிற்று — நடந்து முடிந்து ஏழு மாதம் ஆன ஒரு சனிக்கிழமைக்கு.