எல்லோரும் நல்லாருக்குது என்ற சாப்ட்வேர்

பத்தாவது படித்த நான் ஒரு சாப்ட்வேர்க்காரரைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கணபதியில் நான் ஸ்டோர் பார்க்கும் பம்ப் பட்டறைக்கு சாப்ட்வேர் போட்டுத்தர வந்தவர் அவர். ஒல்லியான ஆள், நரைத்த தாடி. எதைப் பேசினாலும் தேர்தலையோ சினிமாவையோ இழுக்காமல் விடமாட்டார்.

அன்று எங்களைக் கூட்டி சாப்ட்வேரை ஓட்டிக் காட்டினார். குறை இருந்தால் சொல்லச் சொன்னார். முதலாளி முதல் பிட்டர்கள் வரை, "நல்லாருக்குதுங்க" என்றோம்.

பிறகு தனியாக என்னிடம் ஸ்டோருக்கு வந்தார்.

"ஏனுங்க, கூட்டத்துல கை தட்டறவங்கெல்லாம் ஓட்டுப் போடறாங்களா? ஓசியில படம் பார்த்தவன் எவன் நல்லால்லைன்னு சொல்லுவான்? நீங்களாச்சும் ஒரு குறை சொல்லுங்க. போன ரெண்டு புராஜெக்ட்டும் இப்படித்தான் ஊத்திக்கிச்சு. இதுவும் போச்சுன்னா எனக்கு யாருங்க வேலை தருவாங்க?"

குறை எனக்குத் தெரியும். பம்ப் பாடிகளை லேத்தில் கடைசல் பிடிக்கப் பக்கத்துப் பட்டறைக்கு அனுப்பித் திரும்ப வாங்குவது எங்கள் வழக்கம். அவருடைய சாப்ட்வேரிலோ, வெளியே போன சரக்கெல்லாம் விற்ற சரக்கு. ஆனால் ஒருவர் பாடுபட்டுச் செய்ததை முகத்துக்கு நேரே எப்படிக் குறை சொல்வது?

"நல்லாத்தானுங்க பண்ணிருக்கீங்க. டீ குடிக்கறீங்களா?" என்றேன்.

"அப்ப டெபாசிட் காலிங்க" என்று சிரித்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அவ்வளவு கெஞ்சியவரிடம் என் வாய் ஏன் திறக்கவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மறுநாள் கடைசலுக்குப் போன பாடிகளையெல்லாம் சாப்ட்வேர் விற்றதாகக் காட்டியது. இனி வர வேண்டாம் என்று முதலாளி அவருக்குப் போன் செய்தார்.