பால் மரத்தில் குடியேறியவள்

கதை சொல்ல எனக்கு இணை யாருமில்லை என்ற திமிர் எனக்குச் சின்ன வயதிலேயே உண்டு. அந்தத் திமிர்தான் ஒருமுறை என் நாத்தனாரின் பிழைப்பில் கை வைத்தது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது மலாய் நாட்டு டவுனில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளில். பத்து வீட்டுக்கு ஒரு தண்ணீர்க் குழாய். குடம் நிரம்பும் வரைக்கும் கதைதான். மலாய்க்காரர்களின் பேய் வாழை மரத்தில் இருந்தது. எங்கள் ஆட்களின் பேய் கப்பலில் வரும்போதே புளியமரத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. ராஜகுமாரியைத் தூக்கிப்போன ராட்சசனின் உயிர் ஏழு காடு தாண்டி ஒரு மரப்பொந்தில் இருக்கும். ஏழு காடு எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், கிள்ளான் ரயிலில் ஏறிப் போனால் வரும் என்று துணிந்து சொல்லிவிடுவேன். ஒரு காட்டைக்கூட நான் பார்த்ததில்லை. கதையில் வருகிற மரங்கள் பேசும், அழும், கேட்டால் கதவு திறக்கும். நான் அறிந்த மரங்கள் அவ்வளவுதான்.

பதினெட்டு வயதில் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். கணவருக்கு ரப்பரை உலர்த்துகிற புகைக்கொட்டகையில் வேலை. குளித்துவிட்டு வந்தாலும் அவர் மேல் புகை வாசம் போகாது. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். வீட்டில் அவருக்கும் சேர்த்துப் பேச அவருடைய அக்கா இருந்தாள். சின்ன வயதிலேயே தாலி அறுத்தவள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். நான் அவளை அண்ணி என்று கூப்பிடுவேன். அவள் என்னை டவுன்காரி என்பாள்.

அண்ணி பால் வெட்டுக்காரி. தோட்டத்தில் ரப்பர் மரத்தைப் பால் மரம் என்பார்கள். ஒவ்வொரு வெட்டுக்காரிக்கும் தனித்தனியாக ஒரு நிரை உண்டு. வரிசை வரிசையாக முந்நூறு மரத்துக்குக் குறையாது. அண்ணி ஒன்பது வருடமாக ஒரே நிரையை வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது வேலை மட்டுமில்லை, சொத்து, சுகம், ஊர், உறவு எல்லாம் அதுதான். மரங்களுக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தாள். பால் குறைவாகக் கொடுப்பது கஞ்சன். வெட்டினவுடன் கொட்டுவது ஓட்டைவாய். வாய்க்கால் ஓரத்தில் ஒரு மரம், குடத்தை இடுப்பில் வைத்தவள் மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும். அதற்கு இடுப்பொடிஞ்சவ என்று பெயர். பத்து மணிக்கு நான் தேத்தண்ணி கொண்டுபோகும்போது, "இன்னிக்கு இடுப்பொடிஞ்சவ நல்லா குடுத்தாடி" என்று பக்கத்து வீட்டுச் சங்கதி போலச் சொல்வாள்.

எங்களுக்குள் சண்டை வந்தது புளிக்குழம்பினால். ஒரு சனிக்கிழமை நான் வைத்த குழம்பை வாயில் வைத்தாள், முகத்தைச் சுளித்தாள். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்து வாசலில் நாலு பேர் நிற்கும்போது, "டவுன்ல வளந்தவளுக்கு அடுப்பு எதுக்கு? கதை சொல்லியே என் தம்பி வயித்த நெரப்பிடுவா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்று ராத்திரி அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் பெண்கள் எல்லாரும் குழாயடி நிழலில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தோம். அண்ணியும் இருந்தாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஒருத்தி, "ஏ டவுன்காரி, கதை ஒண்ணு சொல்லேன்" என்றாள். வா மகளே என்று அண்ணியை மனதுக்குள் கறுவிக்கொண்டு ஆரம்பித்தேன்.

ஒரு ஊரில் ஒரு மருமகள். நாத்தனார் பேச்சுப் பொறுக்காமல் காட்டுக்குள் ஓடினாள். ஆலமரத்திடம் போய், எனக்கு இடம் கொடு என்றாள். குருவிகளுக்கே இடம் பத்தவில்லை என்றது அது. புளியமரத்திடம் கேட்டாள். பேய்களுக்கே நெருக்கடி என்றது. கடைசியில் வாய்க்கால் ஓரம் இடுப்பில் குடம் வைத்தவள் மாதிரி சாய்ந்து நின்ற ஒரு மரம் பட்டையைத் திறந்து "உள்ள வா தாயி" என்றது. அவள் உள்ளே போனாள், பட்டை மூடிக்கொண்டது. நாத்தனார் கத்தியோடு வந்து அதே மரத்தைக் கீறினாள். மரம் வெள்ளைவெள்ளையாக அழுதது. "இன்னும் உள்ள இருந்து அழுதுகிட்டுத்தான் இருக்கா" என்று முடித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. கருவாடு கிள்ளும் கைகள் நின்றுவிட்டன. அண்ணி எழுந்து, அரிசி ஊறப்போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த நிரைக்காரி என் பக்கம் திரும்பி, "ஏம்மா, உனக்கு மரமா கெடைக்கல? எந்த மரத்துல வேணா வெய்யி, பால் மரத்துல வெக்கலாமா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தத் தோட்டத்தில் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. பேய், மோகினி, ராட்சசி எல்லாம் உண்டு; எல்லாம் புளியிலும் ஆலிலும் சதுப்புக்காட்டிலும்தான் இருந்தன. ரப்பர் மரத்தில் மட்டும் யாரும் எதையும் குடிவைக்கமாட்டார்கள். விடிவதற்கு முன்னால், ஆள் எண்ணுகிற பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, ஒவ்வொருத்தியும் தன்னந்தனியாக அந்த இருட்டுக்குள் போகவேண்டும். அதனால் யாரும் எழுதி வைக்காமலே அப்படி ஒரு கட்டுப்பாடு. மரத்தோடு பழகாத டவுன்காரி நான் அதை உடைத்துவிட்டேன், அதுவும் இன்ன மரம் என்று அடையாளம் சொல்லி!

திங்கட்கிழமை தேத்தண்ணி கொண்டுபோனபோது இடுப்பொடிஞ்சவளின் மங்கு, அதாவது பால் பிடிக்கிற கோப்பை, கவிழ்த்தபடியே இருந்தது. பட்டையில் புது வெட்டு இல்லை. செவ்வாயும் அப்படியே. அண்ணியே ஒரு மரத்தை ஒதுக்குகிறாள் என்று தெரிந்ததும் பக்கத்து நிரைக்காரிகளுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. வெயில் ஏறாமல் வாய்க்கால் பக்கம் போகமாட்டோம் என்று நின்றார்கள். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். புதன்கிழமை கங்காணி மீசையை முறுக்கிக்கொண்டு லயத்துக்கு வந்துவிட்டார்.

"மொதல்ல மரத்த விட்டவ நீதான்" என்றார் அண்ணியிடம். "சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அன்னிக்கும் வெட்டலைன்னா உன் நிரைய வேற ஆளுக்குக் குடுத்துட்டு உன்னை வெளிக்காட்டுக்கு அனுப்பிடுவேன்."

வெளிக்காடு என்றால் வெயிலில் நாள் முழுக்கப் புல்லு வெட்டுகிற வேலை. நாலு வார்த்தை கேட்டால் நாற்பது திருப்பிக் கொடுக்கிற அண்ணி தலையைக் குனிந்து நின்றாள். ஒன்பது வருடச் சொத்து, என் நாக்கினால் போகப் போகிறது!

அன்று சாயங்காலமே பெண்களைக் கூட்டி, "அத்தனையும் புளுகு, கோவத்துல சொன்னேன்" என்றேன். அடுத்த நிரைக்காரி கேட்கவில்லை. "புளுகுன்னா அந்த மரத்த எப்படி அச்சு அசலா சொன்னே? அது உன் வாயில வந்து தானே சொல்லிக்கிச்சு" என்றாள்.

சரி, கதையால் கெட்டதைக் கதையாலேயே சரிபண்ணலாம் என்று வியாழக்கிழமை இன்னொன்று சொன்னேன். ஒரு ராஜகுமாரன் குதிரையில் வந்தான், பட்டையைத் திறந்தான், அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு ஒரு கிழவி, "அப்ப மரம் இப்பக் காலியா இருக்கா?" என்று கேட்டாள். "காலி வீட்டுல வேற எதாச்சும் குடி வந்துருமே!" என்றாள் இன்னொருத்தி. முன்பு இருந்தவளாவது அழுதுகொண்டு சும்மா இருந்தாள், வரப்போகிறது எப்படியோ என்று பயம் இரண்டு மடங்கானது. வெள்ளிக்கிழமை கதையை மாற்றி, மரத்துக்குள் இருந்தவளை வாய்க்காலுக்கு அந்தப்பக்கத்து மரம் ஒன்றுக்குக் குடிபெயர்த்துப் பார்த்தேன். அந்தப்பக்கத்து நிரைக்காரிகள் என்னை அடிக்க வந்துவிட்டார்கள்.

சனிக்கிழமை விடியுமுன் நானும் எழுந்து அண்ணிக்குப் பின்னாலேயே போனேன். "நீ எதுக்குடி வர்றே?" என்றாள். கூடவே நடந்தேன். அவள் கையில் சின்ன மண்ணெண்ணெய் விளக்கு. மரத்துக்கு மரம் போய்க் கீறி, மங்கு வைத்து, அடுத்ததற்குப் போனாள். கை அவ்வளவு சுத்தம், அவ்வளவு வேகம். வாய்க்கால் கரை வந்ததும் நின்றுவிட்டாள். அக்கம்பக்கத்து நிரைகளிலும் விளக்குகள் அசையாமல் நின்றன. இன்று என்ன ஆகிறது என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பயப்படாதீங்க அண்ணி, நான் இருக்கேன்" என்றேன்.

"பயமா? எனக்கா?" விளக்கை என் முகத்துக்கு நேரே தூக்கினாள். "இந்த நிரையில புலி உறுமக் கேட்டு நின்னு வெட்டினவ நான். பேய்க்கா பயப்படுவேன்?"

"அப்புறம் ஏன் வெட்டலை?"

விளக்கைக் கீழே இறக்கினாள். பிறகு சொன்னாள்: "உள்ள இருந்து அழுவறான்னு சொன்னியே. ஆளு யாருன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு ராத்திரி நீ அழுததும் காதுல விழுந்துச்சு. அதுல போய் நான் எப்படிடி கத்தி வெப்பேன்?"

ஐயோ, நான் என்ன பாவி! ஊரே பயம் என்று நினைத்தது, கங்காணி சோம்பல் என்று நினைத்தார், நானும் பயம் என்றே நினைத்தேன். அவள் எனக்காக ஒரு மரத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, அதைச் சொல்லத் தெரியாமல், நிரையையே பறிகொடுக்க நின்றிருக்கிறாள். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

"கதை இன்னும் முடியல அண்ணி" என்றேன் மூக்கைச் சிந்திக்கொண்டே. "ராஜகுமாரன் எல்லாம் வரல. நாத்தனாதான் வந்தா. வந்து கூப்பிட்டா."

"என்னன்னு கூப்பிட்டா?"

"அது அவளுக்குத்தான் தெரியும்."

அண்ணி என்னைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். கிட்டே போய்க் கத்திக் காம்பால் பட்டையை மூன்று தட்டுத் தட்டினாள். "அடியே, சோறு ஆறுது. வெளிய வா" என்றாள், வீட்டில் கூப்பிடுகிற அதே குரலில்.

"வந்துட்டேன்" என்றேன் நான்.

பக்கத்து நிரையிலிருந்து ஒரு குரல்: "அப்ப மரம் காலிதானே? வேற எதாச்சும் குடி வந்தா?"

அண்ணி அந்தப் பக்கம் திரும்பி, "என் நாக்கை உள்ள வெச்சுப் பூட்டிட்டேன்டி! எது வருதுன்னு பாப்போம்!" என்று கத்தினாள். அவ்வளவுதான், இருட்டு முழுக்கச் சிரிப்பு. அந்த நாக்கு இருக்கிற இடத்தில் எந்தப் பேய் காலம் தள்ளும்? விளக்குகள் நகர ஆரம்பித்தன. அண்ணி கத்தியை வைத்து ஒரு கீறு கீறினாள். ஒரு வாரம் ஓய்ந்திருந்த மரம்; மங்கு விளிம்பு வரைக்கும் பால் வந்து நின்றது. நிரை அவளிடமே இருந்தது. மரத்தில் பூட்டிய நாக்கு மட்டும் திங்கட்கிழமையே வீட்டுக்குத் திரும்பிவிட்டது. அன்றைக்கு வைத்த குழம்பிலும் புளி அதிகமாம்.

அதற்கப்புறம் நாங்கள் சண்டை போடாத நாளில்லை. நான் கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால், கதவு நிலையில் மூன்று தட்டுத் தட்டிச் சோறு ஆறுகிறது என்பாள். சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவேன். என்னைப் பெற்றவள்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

சில வருடங்கள் கழித்து ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்தில் ஆட்களைக் குறைத்து, கப்பல் கப்பலாக இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குத்தான் இனி இடம், ஒருத்தர் கப்பல் ஏறவேண்டும் என்று கங்காணி சொன்னார். மூவரும் போய்விடலாம் என்றார் என் கணவர். "பொறந்ததுலேருந்து இந்த மண்ணுல இருக்கிறவ, அவ அங்க போய் என்னடா செய்வா?" என்று தம்பியை அடக்கிவிட்டு, அண்ணி கப்பலுக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டாள். கங்காணியிடம் அவள் கேட்டது ஒன்றுதான்: "என் நிரைய இவளுக்குக் குடுங்க."

துறைமுகத்தில் நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் விரல் விரலாகப் பிரித்தெடுத்து, "புளியக் கம்மியாப் போடு" என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. அவளுக்கு எழுதத் தெரியாது. கடிதம் எதுவும் வரவில்லை.

அந்த நிரையை நான் எட்டு வருடம் வெட்டினேன். தினமும் வாய்க்கால் கரை வந்ததும் இடுப்பொடிஞ்சவளைக் கத்திக் காம்பால் மூன்று தட்டுத் தட்டி, "அண்ணி, சோறு ஆறுது, வெளிய வாங்க" என்பேன். கொஞ்சம் நிற்பேன். அப்புறம்தான் வெட்டுவேன்.