மகேஸ்வரி மிஸ்ஸி உயர்த்திய கை

செவ்வாய்க்கிழமை காலை நல்லதம்பி அண்ணன் தொலைபேசியில், "நம்மட மிஸ்ஸி போயிட்டாங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதார். அழுதுகொண்டே போன எனக்கு, மிஸ்ஸி வீட்டுத் தெரு முடக்கில் கட்டியிருந்த பதாகையைக் கண்டதும் கோபம் வந்தது. எங்கள் தியான மன்றம் கட்டிய பதாகை அது. 'எமது தலைவரின் பணிவான சிஷ்யை' என்று எழுதியிருந்தார்கள். மன்றத்தின் செயலாளர் நான்தான். அந்தச் சொல் பொய் என்று நானே எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது?

மகேஸ்வரி அவர்கள் சித்தாண்டிப் பக்கத்தில் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தவர். பிரசவம் பார்த்த வீடுகளெல்லாம் அவரை மிஸ்ஸி என்றே அழைத்தன. ஓய்வு பெற்றபின் வாவிக்கரையில் உள்ள எங்கள் மண்டபத்துக்கு வந்தார். அப்போது மன்றத்தைத் தொடங்கிய சுவாமி உயிரோடிருந்தார். தியானம் முடிந்ததும் யாரும் கை உயர்த்திக் கேள்வி கேட்கலாம் என்பது அவர் வைத்த வழக்கம். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவர் கூச்சப்பட்டதில்லை.

அவருக்குப் பின் வந்த தலைவர் நன்றாகப் பேசுவார். கூட்டமும் பெருகியது. கை உயர்த்துவது அகங்காரம் என்று சொல்லி, வந்த மாதமே கேள்விகளை நிறுத்தினார். நாங்கள் எல்லோரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டோம். மிஸ்ஸி மட்டும் வலக்கையை உயர்த்தினார். தலைவர் பார்க்காததுபோல் பேசிக்கொண்டே போனார். சொற்பொழிவு முடியும்வரை அந்தக் கை அப்படியே நின்றது. சோர்ந்தால் இடக்கையால் முழங்கையைத் தாங்கிக்கொள்வார். வெள்ளிக்கிழமைதோறும் இதே கதைதான். கையைக் கீழே போடுங்கள் என்று கண்ணால் சாடை காட்டியவன் நான். அதை நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நல்லதம்பி அண்ணன் வாவியில் மீன் பிடிப்பவர், சீனி வருத்தக்காரர். நாற்பது நாள் விரதத்தில் இன்சுலின் ஊசி வேண்டாம், நம்பிக்கை போதும் என்று தலைவர் அவரிடம் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். அந்த வெள்ளிக்கிழமை மிஸ்ஸி உயர்த்திய கையோடு எழுந்து நின்றார்.

"ஊசிய நிப்பாட்டச் சொன்னது கடவுளா, நீங்களா ஐயா?"

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் நாள், மயங்கிக் கிடந்த அண்ணனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் மிஸ்ஸிதான். அண்ணன் பிழைத்தார். மிஸ்ஸியை மன்றத்திலிருந்து விலக்கினார்கள். விலக்கற் கடிதத்தை எழுதியவனும், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்.

அவர் எனக்குத் தேநீர் தந்துவிட்டு, கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. அவரில எனக்குக் கோபமில்ல. யோசிக்கிற வேலைய நீங்க எல்லாரும் அவருக்கிட்டக் குடுத்துட்டீங்க. பாவம், அவர் தனிய எத்தின பேருக்கு யோசிப்பார்?"

அதன்பிறகும் அவர் சாமி கும்பிடுவதை விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மண்டபத்து வேலிக்கு வெளியே மரத்தடியில் பாய் விரித்துத் தியானம் செய்தார். அதைத் தடுக்க மன்ற விதிகள் அடங்கிய எங்கள் யாப்பில் இடமில்லை.

நேற்று அவருடைய இறுதிக் கிரியை. தலைவர் வந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். மறுவார்த்தை பேசாத சிஷ்யை என்றார். நான் கை உயர்த்தினேன். அவர் கண்டும் காணாததுபோல் பேசினார். ஐந்து நிமிடத்தில் எனக்குத் தோள் கடுத்தது. மிஸ்ஸி இதை வருடக்கணக்கில் செய்தார். இடக்கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டேன். அப்போது பெட்டியின் கால்மாட்டில் நின்ற நல்லதம்பி அண்ணனின் கை உயர்ந்தது. பிறகு பந்தலின் பின்வரிசையில் நின்ற பெண்களின் கைகள். தலைவர் பேச்சை நிறுத்தி என்ன என்று கேட்டார்.

மிஸ்ஸி கேட்டதையே சொல் மாறாமல் கேட்டேன். அவர் ஒலிவாங்கியைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

என்னை நீக்கும் கடிதம் வருமாம். அதை யார் எழுதப்போகிறார்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

மிஸ்ஸி, போய் வாருங்கள். உங்கள் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. நாளை வெள்ளிக்கிழமை. பாயோடு நான் மண்டபத்துக்குப் போகிறேன். வேலிக்கு உள்ளே விடாவிட்டால் உங்கள் மரத்தடி இருக்கிறது.